மேசை ரம்பம்: தொட்டதும் நிற்கும் மிஷின் வாங்கலாமா?



பகாவ் வட்டாரத்துப் பெரியவர்கள் பலர் பால்மரம் வெட்டியும் செம்பனைக் குலை அறுத்தும் உழைத்தவர்கள். வேலை ஓய்வு பெற்ற பிறகும் அவர்கள் கை சும்மா இருப்பதில்லை. சாமி மேடைக்கு ஒரு பலகை, கோழிக்கூண்டுக்கு நாலு சட்டம், பேரப்பிள்ளைக்கு ஒரு படிப்பு மேசை, கறையான் தின்ற கதவு நிலைக்கு ஒரு துண்டு என்று ஏதாவது தச்சு வேலை வந்துகொண்டே இருக்கும். சிலர் வீட்டுப் பின்புறத்தில் சிறு பட்டறையும் வைத்திருக்கிறார்கள்.

இந்த வேலைகளுக்குக் கை கொடுப்பது மேசை ரம்பம். மேசையின் நடுவே பல் வைத்த வட்டு சுழன்றுகொண்டிருக்கும். நாம் பலகையைக் கையால் தள்ளி அறுக்க வேண்டும். வேலை சீக்கிரம் முடியும். விரல் போவதற்கும் அதைவிடக் குறைந்த நேரமே போதும்.

விரல் பட்டவுடன் தானே நின்றுவிடும் மேசை ரம்பம் இப்போது விற்பனைக்கு வந்திருக்கிறது. பிள்ளைகள் கைப்பேசியில் அதன் காணொளியை உங்களுக்குக் காட்டியிருக்கலாம். அதை வாங்குவது நல்லதா? கொடுக்கும் பணத்துக்குப் பலன் உண்டா? வாங்க முடியாதவர்கள் என்ன செய்வது? இந்த மூன்று கேள்விகளுக்கும் இந்தப் பாடத்தில் பதில் காண்போம்.

1. ரம்பத்தின் வேகம் என்ன?

பொதுவாகப் பயன்படும் 10 அங்குல வட்டு நிமிடத்துக்கு ஏறக்குறைய 4,000 முறை சுழலும். அதன் பல்நுனி ஓடும் வேகம் மணிக்கு சுமார் 190 கிலோமீட்டர். நம் நெடுஞ்சாலையில் காருக்கு அனுமதித்த வேகமே 110 கிலோமீட்டர்தான்.

ஆபத்து என்று உணர்ந்து கையை இழுக்க நமக்குக் குறைந்தது கால் விநாடி ஆகும். அந்தக் கால் விநாடிக்குள் வட்டு 16 முறை சுழன்றுவிடும். 40 பல் உள்ள வட்டு என்றால் 600க்கும் மேற்பட்ட பற்கள் அதே இடத்தைக் கடந்து போயிருக்கும். ஆகவே, “பட்டால் சட்டென்று கையை எடுத்துவிடுவேன்” என்பது யாராலும் முடியாத காரியம். இருபது வயதுப் பிள்ளையாலும் முடியாது.

மேசை ரம்பம் வீடுகளில் அதிகம் பயன்படும் நாடு அமெரிக்கா. அங்குள்ள நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் மதிப்பீட்டின்படி, 2015ஆம் ஆண்டில் மட்டும் 33,000க்கும் மேற்பட்ட மேசை ரம்பக் காயங்களுக்கு அவசரப் பிரிவுகளில் சிகிச்சை தரப்பட்டது. அவற்றில் 4,000க்கும் மேற்பட்டவை உறுப்பு துண்டான காயங்கள். பத்தில் ஒன்பது காயங்கள் வட்டில் கை பட்டதால் வந்தவை.

2. கை எப்படி வட்டுக்குப் போகிறது?

இரண்டு வழிகளில் போகிறது.

முதல் வழி, நேராகப் படுவது. பலகையின் கடைசித் துண்டைத் தள்ளும்போது கை வட்டை நெருங்கிவிடும். பலகை சட்டென்று அறுந்து முடிந்தால், தள்ளிய வேகத்தில் கை முன்னே போய்விடும். ஓடும் மிஷினில் சிறு துண்டை விரலால் தட்டிவிடும்போதும் இப்படி நடக்கிறது.

இரண்டாவது வழி, பலகை திருப்பி அடிப்பது. அறுபட்ட மரம் வட்டின் பின்பக்கத்தை இறுக்கிப் பிடித்தால், மேலெழும் பற்கள் பலகையைத் தூக்கி நம் பக்கமாக வீசும். அது வயிற்றிலோ மார்பிலோ முகத்திலோ அடிக்கும். பலகையோடு கையும் வட்டுக்கு இழுபடலாம். பல ஆண்டு அனுபவம் உள்ள தச்சர்களுக்கும் இது நேர்கிறது.

3. வயதாகும்போது என்ன மாறுகிறது?

திறமை குறைவதில்லை. உடல்தான் மாறுகிறது. கீழே உள்ளவற்றில் எது உங்களுக்கு உண்டு என்று பாருங்கள்.

• கண் புரை அல்லது மங்கலான பார்வை. சுழலும் வட்டின் ஓரம் தெளிவாகத் தெரியாது.

• நீரிழிவால் விரலில் மரத்துப்போன உணர்வு. பலகை நழுவுவது கைக்குத் தெரியாது. காயம் ஆறவும் நாளாகும். கிருமி தொற்றும் வாய்ப்பும் அதிகம்.

• காது மந்தம். மரம் இறுகும்போது மிஷினின் சத்தம் மாறும். அது கேட்காமல் போகலாம்.

• மூட்டு வலி, கை நடுக்கம். பலகையை ஒரே சீராகத் தள்ள முடியாது.

• மயக்கம் தரும் மருந்துகள். சளி, இருமல், அரிப்பு, தூக்கமின்மை ஆகியவற்றுக்கான சில மாத்திரைகள் கவனத்தைக் குறைக்கும்.

• இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மருந்துகள். ஆஸ்பிரின், குளோபிடோகிரல், வார்ஃபரின் போன்றவற்றைச் சாப்பிடுபவருக்குக் காயம் பட்டால் இரத்தம் எளிதில் நிற்காது.

• சர்க்கரை திடீரென்று இறங்குவது. சாப்பிடாமல் வேலை செய்தால் கை நடுங்கும், தலை சுற்றும்.

இவற்றில் ஒன்று இருந்தாலும், அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது, “நான் மரம் அறுக்கும் மிஷின் பயன்படுத்துகிறேன்” என்று டாக்டரிடம் சொல்லுங்கள். மருந்து சாப்பிடும் நேரத்தை மாற்றுவதா, கண் பரிசோதனை தேவையா என்று அவர் பார்த்துச் சொல்வார்.

4. தொட்டதும் நிற்கும் ரம்பம் எப்படி வேலை செய்கிறது?

இந்த முறையை 1999இல் அமெரிக்காவில் ஸ்டீபன் காஸ் என்பவர் கண்டுபிடித்தார். அவர் இயற்பியல் படித்தவர், காப்புரிமை வழக்கறிஞர். பெரிய மிஷின் நிறுவனங்கள் அதை வாங்கிக்கொள்ள முன்வரவில்லை. அதனால் அவரும் நண்பர்களும் சா ஸ்டாப் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 2004இல் அவர்களுடைய முதல் ரம்பங்கள் விற்பனைக்கு வந்தன.

அது வேலை செய்யும் விதம் எளிமையானது.

முதலில், வட்டில் மிகச் சிறிய மின் சைகை ஒன்று எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். காய்ந்த மரம் மின்சாரத்தைக் கடத்தாது. அதனால் மரத்தை அறுக்கும்போது அந்தச் சைகை மாறாது. நம் உடல் மின்சாரத்தைக் கடத்தும். விரல் பட்டவுடன் சைகையின் ஒரு பகுதியை உடல் இழுத்துக்கொள்ளும். மிஷின் அந்த மாற்றத்தைக் கண்டுபிடிக்கும்.

அடுத்து, வட்டுக்குப் பக்கத்தில் ஓர் அலுமினியக் கட்டை இருக்கும். வலுவான சுருள்வில் ஒன்று அதைத் தள்ளத் தயாராக நிற்கும். ஒரு மெல்லிய கம்பி அந்த வில்லைப் பிடித்து வைத்திருக்கும். சைகை மாறியதும் மிஷின் அந்தக் கம்பியை எரித்துவிடும். வில் விடுபட்டு, அலுமினியக் கட்டை வட்டின் பற்களில் போய்ப் பதியும்.

வட்டு 5 மில்லி விநாடிக்குள், அதாவது ஒரு விநாடியை இருநூறாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு நேரத்துக்குள், நின்றுவிடும். நிற்கும் வேகத்திலேயே மேசைக்குக் கீழே இறங்கியும் விடும். மோட்டாரும் அணைந்துவிடும்.

விளம்பரங்களில் விரலுக்குப் பதிலாக ஒரு சோசேஜை வைத்துக் காட்டுவார்கள். அதில் சிறு கீறல் மட்டும் விழும். மெதுவாகத் தள்ளும் கையில் பட்டாலும் பெரும்பாலும் அப்படித்தான். விரல் போக வேண்டிய இடத்தில் ஒரு பிளாஸ்திரியோடு முடிந்துவிடும்.

ஒரு முறை பிரேக் வேலை செய்துவிட்டால், அலுமினியக் கட்டை உள்ள பெட்டியைப் புதிதாக மாற்ற வேண்டும். வட்டும் பெரும்பாலும் கெட்டுவிடும். இரண்டையும் மாற்றிய பிறகு மிஷினை மறுபடி பயன்படுத்தலாம்.

5. வேறு வகைகளும் உண்டா?

உண்டு. ஜெர்மனியின் போஷ் நிறுவனம் வட்டை உடைக்காமல் கீழே தள்ளும் ஒரு ரம்பத்தைக் கொண்டுவந்தது. காப்புரிமை வழக்கால் 2017இல் அமெரிக்கச் சந்தையில் அதன் விற்பனை நின்றது.

ஐரோப்பாவின் பெரிய தொழிற்சாலை ரம்பங்களில் இன்னொரு முறை வந்துள்ளது. கை வட்டைத் தொடும் முன்பே, நெருங்கி வருவதைக் கண்டு வட்டைக் கீழே இறக்கிவிடும். ஃபெல்டர் நிறுவனம் மின் உணர்விகளாலும், அல்டென்டார்ஃப் நிறுவனம் கேமராவாலும் இதைச் செய்கின்றன. வட்டும் கெடுவதில்லை. ஆனால் இவை பெரிய தளவாடத் தொழிற்சாலைகளுக்கான மிஷின்கள். மூவார் போன்ற இடங்களின் தொழிற்சாலைகள் யோசிக்கலாம்; வீட்டுப் பட்டறைக்கு இவை ஏற்றவை அல்ல.

6. இந்த மிஷின் எதைத் தடுக்காது?

காணொளியில் வராத செய்திகள் இவை. வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டும்.

பலகை திருப்பி அடிப்பதை அது தடுக்காது. பிரேக் வேலை செய்ய, தோல் வட்டில் பட வேண்டும். பலகை மார்பில் வந்து மோதினால் மிஷினுக்கு ஒன்றும் தெரியாது. அதைத் தடுப்பது பிளவுத் தகடுதான். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறோம்.

கை வேகமாகப் போனால் காயம் ஆழமாகும். பலகை இழுத்த வேகத்தில் கை வட்டில் மோதினால், நிற்பதற்கு எடுக்கும் அந்தச் சிறு நேரத்திலும் வெட்டு விழும். தையல் போட வேண்டியும் வரலாம்.

ஈர மரத்தால் பிரேக் தவறாக விழலாம். நம் வட்டாரத்துக்கு இது முக்கியம். மறுநடவுக்காக வெட்டப்படும் ரப்பர் மரம் ஒரு காலத்தில் விறகாகவே போனது. இன்று தளவாடங்கள் செய்ய உதவுகிறது. சூளையில் காய வைத்த ரப்பர் மரத்தால் தொல்லை இல்லை. வெட்டிய கையோடு கொண்டுவந்த மரத்தில் ஈரம் மிக அதிகம். ஈரம் மின்சாரத்தைக் கடத்தும். மிஷின் அதை விரல் என்று எண்ணி நின்றுவிடலாம். மழையில் நனைந்த பலகையும் அப்படியே.

ஆணி உள்ள பழைய பலகையும் தொல்லைதான். இடித்த லயத்து வீட்டுப் பலகை, சரக்கு ஏற்றும் பலகை மேடை ஆகியவற்றில் ஆணி மறைந்திருக்கும். வட்டில் படும் ஆணி உங்கள் கையையோ மிஷினின் இரும்பு மேசையையோ தொட்டுக்கொண்டிருந்தால் பிரேக் விழுந்துவிடலாம். அப்படி நடக்காவிட்டாலும், ஆணித் துண்டு தெறித்துக் கண்ணில் படும் ஆபத்து இருக்கிறது.

பாதுகாப்பை அணைத்து வைக்கவும் முடியும். ஈர மரம் அறுப்பதற்காக, பிரேக்கைத் தற்காலிகமாக நிறுத்தும் வசதி இந்த மிஷின்களில் இருக்கிறது. நிறுத்தி வைத்து அறுக்கும்போது அதுவும் ஒரு சாதாரண ரம்பம்தான். பெரும்பாலும் ஈர மரமும் ஆணிப் பலகையும் அறுப்பவருக்கு, அதிக விலை கொடுத்து வாங்கிய பாதுகாப்பு பெரும்பாலும் அணைந்தே கிடக்கும்.

7. பணத்துக்குப் பலன் உண்டா?

ஓர் ஒப்பீடு பார்ப்போம். சா ஸ்டாப் நிறுவனத்தின் சிறிய வகை மேசை ரம்பம் 2022இல் அமெரிக்காவில் 899 டாலருக்கு வந்தது. அதே அளவுள்ள சாதாரண ரம்பம் அங்கே 300 முதல் 600 டாலர் வரை. பட்டறைக்கான பெரிய வகைகள் 3,000 டாலரைத் தாண்டும். பிரேக் பெட்டி ஒன்று ஏறக்குறைய 100 டாலர். அதோடு புதிய வட்டின் விலையையும் சேர்க்க வேண்டும். நம் நாட்டில் வாங்கினால் அனுப்பும் செலவும் வரியும் சேரும். விலை மாறிக்கொண்டே இருக்கும். கடையில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இன்னொரு பக்கம் விரலின் விலை இருக்கிறது. அரசாங்க மருத்துவமனையில் கட்டணம் குறைவுதான். ஆனால் விரலின் விலை மருத்துவமனை ரசீதில் வராது. சோறு பிசைந்து சாப்பிட, சட்டைப் பொத்தான் போட, இன்சுலின் ஊசியைப் பிடிக்க, விளக்குத் திரியை ஏற்ற எல்லாவற்றுக்கும் விரல் வேண்டும். கை செய்யும் வேலையில் ஏறக்குறைய 40 விழுக்காடு கட்டைவிரலை நம்பியே இருக்கிறது. தனியாக வாழும் பெரியவருக்குக் கட்டைவிரல் போவது என்றால், சொந்தக் காலில் நிற்கும் வாழ்க்கையே ஆட்டம் காணுகிறது என்று பொருள்.

விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பார்கள். அவரவர் வேலைக்கும் வசதிக்கும் தகுந்தபடிதான் முடிவு செய்ய வேண்டும்.

ஆண்டுக்குச் சில நாள் மட்டும் அறுப்பவர்: எந்த மேசை ரம்பமும் வாங்க வேண்டாம். அளவைத் தாளில் எழுதிக் கொடுத்தால் பல பலகைக் கடைகளிலும் தளவாடப் பட்டறைகளிலும் அறுத்துத் தருவார்கள். வீட்டில் மிச்ச வேலைக்குக் கை ரம்பம் போதும். மிகப் பாதுகாப்பான வழி இதுதான், செலவும் குறைவு.

வாரத்தில் ஓரிரு நாள் அறுப்பவர்: முதலில் உங்களிடம் இருக்கும் மிஷினைப் பாருங்கள். கை வட்ட ரம்பத்தைத் தலைகீழாகப் பலகையில் பொருத்திய மேசையா? மூடி கழற்றப்பட்டதா? அப்படியானால் அதை இன்றோடு நிறுத்துங்கள். மூடியும் பிளவுத் தகடும் உள்ள, தொழிற்சாலையில் செய்த ரம்பமே முதல் தேவை. காய்ந்த மரத்தையே அறுப்பவர், வசதியும் இருந்தால், தொட்டதும் நிற்கும் வகையை வாங்கலாம்.

தினமும் பட்டறை நடத்துபவர்: வாங்குவது நல்லது. அறுக்கும் நேரம் கூடக் கூட ஆபத்தும் கூடும். மகன், பேரன், கூலிக்கு வரும் பிள்ளைகள் என்று பல கைகள் அதே மிஷினைத் தொடும்போது, அந்த ஒரு பிரேக் எல்லாருடைய விரல்களையும் காக்கிறது. வேலை கற்றுக்கொள்ளும் இளையவருக்கு இது இன்னும் தேவை.

பட்டறை முதலாளிகள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. சிறு பட்டறைக்கும் அது பொருந்தும். வேலையாட்களைப் பெர்கேசோவில் பதிவு செய்திருக்க வேண்டும். விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் பெர்கேசோவுக்குத் தெரிவிக்க வேண்டும். சொந்தத் தொழில் செய்பவர்களுக்கும் 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பெர்கேசோ பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது. நீங்கள் சேர முடியுமா என்று பெர்கேசோ அலுவலகத்தில் கேளுங்கள்.

எந்த மிஷினையும் இயக்கக் கூடாதவர்: தலைச்சுற்றல், வலிப்பு, கடுமையான கை நடுக்கம், சிகிச்சை பெறாத கண் புரை, அடிக்கடி சர்க்கரை இறங்குதல் உள்ளவர்கள். மது அருந்தியவர்களும், தூக்கம் வரும் மருந்து சாப்பிட்டவர்களும் அன்று மிஷின் பக்கம் போகக் கூடாது. தொட்டதும் நிற்கும் மிஷின் இருந்தாலும் இந்த விதி மாறாது.

8. கடையில் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. இந்த மிஷின் நம் நாட்டு மின்சாரத்துக்கு ஏற்றதா? அமெரிக்காவுக்குச் செய்த மிஷின் 120 வோல்ட்டில் ஓடுவது. நம் வீட்டில் 230 முதல் 240 வோல்ட். நேராகச் செருகினால் மிஷின் எரிந்துபோகும்.

2. பிரேக் பெட்டி இங்கே கிடைக்குமா? எத்தனை நாளில் வரும்? பெட்டி இல்லாமல் மிஷின் ஓடாது. கூடுதலாக ஒன்று வாங்கி வையுங்கள்.

3. பழுது பார்க்க ஆள் இருக்கிறாரா?

4. மூடி, பிளவுத் தகடு, தள்ளுகட்டை மூன்றும் பெட்டியில் உள்ளனவா?

5. சிரிம் முத்திரை இருக்கிறதா? உத்தரவாதம் எவ்வளவு காலம்?

பதில் தெளிவாக இல்லை என்றால் அவசரப்பட வேண்டாம்.

9. குறைந்த செலவில் இன்றே செய்யக்கூடியவை

புதிய மிஷின் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் இவை வேண்டும்.

பிளவுத் தகடு. வட்டுக்குப் பின்னால் நிற்கும் மெல்லிய இரும்புத் தகடு இது. அறுபட்ட மரம் மறுபடி சேர்ந்து வட்டை இறுக்காமல் பார்த்துக்கொள்ளும். பலகை திருப்பி அடிப்பதைக் குறைக்க இதைவிட நல்ல கருவி இல்லை. கழற்றி வைத்திருந்தால் இன்றே பொருத்துங்கள்.

வட்டு மூடி. மேலே இருந்து கை விழாமல் தடுக்கும். “அறுக்கும் இடம் தெரியவில்லை” என்று பலர் கழற்றிவிடுகிறார்கள். அதற்கு நல்ல விளக்கு போட்டுக்கொள்ளுங்கள்.

தள்ளுகட்டை. நுனியில் பள்ளம் வெட்டிய மரக்கட்டை. வீட்டிலேயே செய்யலாம். “கை ஒரு சாண் தள்ளி, கட்டை ஒரு முழ நீளம்” என்பதை மனதில் வையுங்கள். வட்டிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் கை வரக் கூடாது. அதற்குள் தள்ள வேண்டியதை முழ நீளக் கட்டையால் தள்ளுங்கள்.

வட்டின் உயரம். மரத்துக்கு மேல் பல் மட்டும் தெரிந்தால் போதும்.

மின்தடைப் பாதுகாப்பு சுவிட்ச். மின்சாரம் போய்த் திரும்பி வரும்போது மிஷின் தானே ஓடாமல் தடுக்கும். பழைய மிஷினில் இல்லாவிட்டால், உரிமம் பெற்ற மின் பணியாளரை அழைத்துப் பொருத்துங்கள். முழங்காலால் தட்டி நிறுத்தக்கூடிய பெரிய சிவப்புப் பொத்தான் இருந்தால் இன்னும் நல்லது.

உடை. கைலி, தொளதொளப்பான சட்டை, மோதிரம், கைக்கடிகாரம், மணிக்கட்டில் கட்டிய கயிறு எதுவும் வேண்டாம். கையுறையும் போடக் கூடாது. வட்டு அதைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுக்கும். சிலிப்பருக்குப் பதில் மூடிய காலணி அணியுங்கள். கண்ணாடி, காது அடைப்பான், முகக்கவசம் மூன்றும் தேவை.

நிற்கும் இடம். வட்டுக்கு நேர் பின்னால் நிற்காமல் சற்றுப் பக்கவாட்டில் நில்லுங்கள். பலகை திருப்பி அடித்தால் அது உங்களைக் கடந்து போகும்.

சிறு துண்டுகள். மிஷின் முழுவதும் நின்ற பிறகே கையால் எடுங்கள். வட்டு மாற்றும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

நேரம். காலையில் சாப்பிட்ட பிறகு, வெளிச்சம் நன்றாக இருக்கும்போது அறுங்கள். தனியாக இருக்கும்போது வேண்டாம். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஒருவர் இருக்கட்டும். சிறு பிள்ளைகள் அருகில் வர வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கை: இரும்பு தேய்க்கும் கை கிரைண்டரில் மரம் அறுக்கும் பல் வட்டைப் பொருத்தாதீர்கள். அது கையிலிருந்து துள்ளும். முகத்திலும் தொடையிலும் ஆழமான காயம் உண்டாகும்.

10. விரல் வெட்டுப்பட்டால் என்ன செய்வது?

இந்தப் பகுதியை வீட்டில் எல்லாரும் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

1. மிஷினை நிறுத்துங்கள். காயம் பட்டவரை உட்கார அல்லது படுக்க வையுங்கள்.

2. சுத்தமான துணியைக் காயத்தின் மேல் வைத்து அழுத்திப் பிடியுங்கள். கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்துங்கள். துணி நனைந்தால் எடுக்காமல், அதன் மேலேயே இன்னொரு துணியை வைத்து அழுத்துங்கள். விரலில் கயிறோ ரப்பர் வளையமோ கட்ட வேண்டாம்.

3. 999 எண்ணை அழையுங்கள். தோட்டத்தின் பெயர், பிரிவு, அருகில் உள்ள கோயில் அல்லது பள்ளி என அடையாளத்தைச் சொல்லுங்கள். ஒருவர் சாலைக்குப் போய் ஆம்புலன்ஸுக்கு வழி காட்டட்டும்.

4. மஞ்சள் தூள், காப்பித் தூள், புகையிலை, சுண்ணாம்பு, சாம்பல் எதையும் காயத்தில் வைக்காதீர்கள். காயத்தில் கிருமி சேரும். விரலை மறுபடி இணைக்கும் வாய்ப்பும் குறையும்.

5. துண்டான விரலைத் தேடி எடுங்கள். தூசி இருந்தால் சுத்தமான தண்ணீரில் மெதுவாக அலசுங்கள், தேய்க்க வேண்டாம். தண்ணீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியில் சுற்றுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டுங்கள். அந்தப் பையை, தண்ணீரும் ஐஸும் கலந்த இன்னொரு பையில் வையுங்கள். ஐஸ் நேராக விரலில் படக் கூடாது. பனிப்பெட்டியில் உறைய வைக்கவும் கூடாது.

6. சாப்பிடவோ குடிக்கவோ எதுவும் கொடுக்க வேண்டாம். அறுவை சிகிச்சை தேவைப்படலாம்.

7. காயத்துக்கு மேலே உள்ள மோதிரங்களைக் கழற்றிவிடுங்கள். சிறிது நேரத்தில் விரல் வீங்கிவிடும்.

8. சாப்பிடும் மருந்துகளை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். விபத்து நடந்த நேரத்தையும் குறித்து வையுங்கள்.

குளிரூட்டாத விரல் ஏறக்குறைய 12 மணி நேரமும், சரியாகக் குளிரூட்டிய விரல் 24 மணி நேரம் வரையும் இணைக்கத் தகுந்த நிலையில் இருக்கும். உள்ளங்கையோ மணிக்கட்டோ துண்டானால் நேரம் இன்னும் குறைவு. ஜெம்போல் மருத்துவமனைக்கோ குவாலா பிலா மருத்துவமனைக்கோ போன பிறகு, சிரம்பானுக்கோ அதற்கு அப்பாலோ அனுப்ப வேண்டி வரலாம். வழியிலேயே நேரம் கரையும். அதனால் வீட்டில் தாமதிக்காதீர்கள்.

நம் நாட்டில் கை அறுவை சிகிச்சையில் தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். 2000ஆம் ஆண்டில் செலாயாங் மருத்துவமனையில் டாக்டர் வி. பத்மநாதன் தலைமையிலான குழு, ஒரு பச்சிளங்குழந்தைக்கு இறந்துபோன இரட்டைச் சகோதரியின் கையைப் பொருத்தி உலகக் கவனத்தை ஈர்த்தது. ஆயினும் ரம்பப் பல் கிழித்த விரல், கத்தியால் வெட்டிய விரல் போல் இருக்காது. தோல், நரம்பு, எலும்பு எல்லாம் சிதைந்திருக்கும். இணைத்தாலும் பழைய உணர்வும் மடக்கும் பலமும் முழுமையாகத் திரும்புவது அரிது. வயதானவருக்கும் நீரிழிவு உள்ளவருக்கும் இன்னும் கடினம்.

வெட்டு சிறியதாக இருந்தாலும் கிளினிக்குக்குப் போங்கள். டெட்டனஸ் ஊசி தேவையா என்று கேளுங்கள். விரல் மரத்திருந்தாலோ மடக்க முடியாவிட்டாலோ அன்றே காட்ட வேண்டும்.

11. பாடத்தைச் சரிபார்ப்போம்

கேள்வி: தொட்டதும் நிற்கும் ரம்பம் இருந்தால் மூடி வேண்டாமா?
பதில்: வேண்டும். பலகை திருப்பி அடிப்பதை அந்தப் பிரேக் தடுக்காது. மூடியும் பிளவுத் தகடும் எப்போதும் இருக்க வேண்டும்.

கேள்வி: நான் ஆண்டுக்கு இரண்டு பலகைதான் அறுப்பேன். வாங்கலாமா?
பதில்: வாங்க வேண்டாம். கடையில் அறுத்து வாங்குங்கள்.

கேள்வி: என் மகன் பட்டறையில் நான்கு பேர் வேலை செய்கிறார்கள். காய்ந்த மரம்தான் அறுக்கிறார்கள்.
பதில்: வாங்குவது நல்ல முடிவு. பிரேக் பெட்டி இங்கே கிடைக்குமா என்று முதலில் உறுதி செய்யுங்கள்.

கேள்வி: வாங்க வசதி இல்லை. ஆனால் வாரந்தோறும் வேலை இருக்கிறது.
பதில்: பிளவுத் தகடு, மூடி, முழ நீளத் தள்ளுகட்டை. இந்த மூன்றும் இல்லாமல் சுவிட்சைப் போடாதீர்கள்.

கேள்வி: விரல் துண்டானால் ஐஸில் போடலாமா?
பதில்: நேராகப் போடக் கூடாது. ஈரத் துணி, பிளாஸ்டிக் பை, அதற்குப் பிறகே ஐஸ் தண்ணீர்.

இந்தத் தாளைப் பட்டறைச் சுவரில், சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். எழுத்து தெரியாதவர் பக்கத்தில் இருந்தால் படித்துக் காட்டுங்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் கேளுங்கள். அவசர நேரத்தில் 999.